அம்புகளும் காரணங்களும்: சமூக அறிவியலில் வரைபட மாதிரிகளின் வரலாறு

வரைபட மாதிரி என்பது பல மாறிகளுக்கு இடையிலான உறவைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் காட்டும் புள்ளியியல் முறை. ஒவ்வொரு மாறியும் ஒரு முனையாகக் குறிக்கப்படும். இரண்டு முனைகளை இணைக்கும் கோடு அவற்றுக்கிடையே நேரடித் தொடர்பு இருக்கலாம் என்பதைச் சொல்லும். கோடுகளுக்குப் பதிலாக அம்புகள் இருந்து, அம்புகளின் வழியே நடந்தால் புறப்பட்ட முனைக்கே திரும்பி வர முடியாதபடி படம் அமைந்து, ஒவ்வொரு முனைக்கும் அதற்கு முந்தைய முனைகளைப் பொறுத்த நிகழ்தகவு அட்டவணையும் கொடுக்கப்பட்டால், அது பேய்சியன் வலையமைப்பு எனப்படும். 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பேய்ஸின் பெயரால் இப்பெயர் வந்தது. அவர் 1761-இல் இறந்தார். நிகழ்தகவு பற்றிய அவருடைய கட்டுரை 1763-இல் வெளியாயிற்று.

சமூக அறிவியலாளர்களுக்கு இந்த முறை ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய அதன் வரலாறு உதவும். அம்புப் படம் 1920-களில் மரபியலில் தோன்றியது. 1960-களில் சமூகவியலுக்கு வந்தது. 1980-களில் கணினி அறிவியலில் புதிய உருவம் பெற்றது. 1990-களுக்குப் பிறகு மீண்டும் சமூக அறிவியலுக்குத் திரும்பியது. இந்த நூறு ஆண்டுகளிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது. படத்தில் உள்ள அம்பு தரவிலிருந்து வருகிறதா, அல்லது ஆய்வாளரின் முன்னறிவிலிருந்து வருகிறதா?

யூலின் அடிக்குறிப்பு

சமூகச் சிக்கல் ஒன்றின் காரணத்தைப் புள்ளியியலால் தேடிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று, 1899-இல் உட்னி யூல் என்ற பிரித்தானியப் புள்ளியியலாளர் வெளியிட்டது. இங்கிலாந்தில் ஏழையர் சட்டத்தின்கீழ் அரசு உதவியில் வாழ்ந்தோரின் விகிதம் ஏன் மாறியது என்பது அவருடைய கேள்வி. ஏழைகளை உழைப்பு விடுதிகளுக்குள் சேர்த்து உதவுவதா, அவரவர் வீட்டில் இருக்கும்போதே உதவுவதா என்பது அன்றைய அரசியலில் பெரிய விவாதமாக இருந்தது. வீட்டிலேயே உதவி தருவது ஏழைகளின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது என்று ஒரு தரப்பு வாதிட்டது. யூல் மக்கள்தொகை மாற்றம், முதியோர் விகிதம் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தொடர்புப்போக்குச் சமன்பாடுகளை அமைத்தார். வீட்டு உதவியின் விகிதம் மாறியதற்கும் ஏழைகளின் விகிதம் மாறியதற்கும் தொடர்பு இருப்பதாக எண்கள் காட்டின.

இந்த மாற்றம் இன்ன காரணத்தால் வந்தது என்று எழுதிச் சென்ற யூல், ஓர் அடிக்குறிப்பில் தம் சொல்லைத் தாமே திருத்தினார். கண்டிப்பாகப் பார்த்தால், காரணம் என்று எழுதிய இடத்தில் தொடர்பு என்றே படிக்க வேண்டும் என்பது அக்குறிப்பின் சாரம். அக்காலப் புள்ளியியலின் தலைவராக விளங்கிய கார்ல் பியர்சன், காரணம் என்ற கருத்தே அறிவியலுக்குத் தேவையில்லை என்றும், ஒட்டுறவு என்ற பரந்த கருத்துக்குள் அது அடங்கிவிடும் என்றும் கருதினார். அரசும் மக்களும் கேட்ட கேள்வி காரணத்தைப் பற்றியது. கைவசம் இருந்த கருவியோ தொடர்பைப் பற்றி மட்டுமே பேசியது. இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாகவே அம்புப் படம் பிறந்தது.

கினிப்பன்றியின் நிறம்

அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் (1889–1988) 1915 முதல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றினார். கினிப்பன்றிகளின் தோலில் வெள்ளைத் திட்டுகள் எந்த அளவுக்குப் பரம்பரையால் வருகின்றன, எந்த அளவுக்குக் கருவில் வளரும்போது நேரும் தற்செயல்களால் வருகின்றன என்று அவர் ஆராய்ந்தார். 1920-இல் வெளியான கட்டுரையில் தாய், தந்தை, குட்டிகள் ஆகியவற்றை அம்புகளால் இணைத்து ஒரு படம் வரைந்தார். ஒவ்வோர் அம்புக்கும் ஓர் எண் கொடுத்தார். அதற்குப் பாதைக் கெழு என்று பெயர். இரண்டு மாறிகளுக்கு இடையே காணப்படும் ஒட்டுறவு, அவற்றை இணைக்கும் பாதைகள் ஒவ்வொன்றிலும் உள்ள கெழுக்களைப் பெருக்கி, பின்னர் அந்தப் பெருக்கற்பலன்களைக் கூட்டினால் கிடைக்கும் என்பது அவர் கண்ட விதி. கலப்பாக இனப்பெருக்கம் செய்யப்பட்ட கினிப்பன்றிகளில் நிற வேறுபாட்டின் ஏறத்தாழ 42 விழுக்காடு பரம்பரையால் வந்தது என்று இந்த வழியில் கணக்கிட்டார். 1921-இல் ஒட்டுறவும் காரணமும் என்ற தலைப்பிலேயே ஒரு நீண்ட கட்டுரை எழுதி முறையைப் பொதுமைப்படுத்தினார்.

எதிர்ப்பு உடனே வந்தது. 1922-இல் ஹென்றி நைல்ஸ் என்பவர், ஒட்டுறவிலிருந்து காரணத்தை எடுக்க ரைட் முயல்கிறார் என்று குற்றம் சாட்டினார். 1923-இல் ரைட் அளித்த மறுமொழி இன்றும் முக்கியமானது. ஒட்டுறவிலிருந்து மட்டும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று தாம் ஒருபோதும் சொல்லவில்லை என்றார். காரண அமைப்பைப் பற்றி ஆய்வாளருக்கு ஏற்கெனவே தெரிந்ததையும், அளந்து பெற்ற ஒட்டுறவுகளையும் சேர்த்து, அந்த அமைப்பு சரியென்றால் ஒவ்வொரு காரணத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவதே தம் முறை என விளக்கினார். கினிப்பன்றியில் தாய் தந்தையிடமிருந்து குட்டிக்கு அம்பு போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். சமூகத்தில் அந்த வசதி இல்லை. பின்னர் வந்த சிக்கல்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறந்தன.

இதே பத்தாண்டில் சமூக ஆய்வுக்கும் அம்பு எட்டிப் பார்த்தது. ரைட்டின் தந்தை ஃபிலிப் ரைட் பொருளியலாளர். 1928-இல் எண்ணெய் வகைகள் மீதான சுங்கவரி பற்றி அவர் எழுதிய நூலின் பின்னிணைப்பு, கேட்பையும் அளிப்பையும் பிரித்தறியப் பயன்படும் கருவி மாறி முறையை முதலில் விளக்கியதாகக் கருதப்படுகிறது. அதே ஆண்டில் பார்பரா பர்க்ஸ் என்ற இளம் உளவியலாளர், வளர்ப்புக் குழந்தைகளின் அறிவுத்திறன் பற்றிய ஆய்வில் பாதைக் கெழுக்களைப் பயன்படுத்தினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1926-இல், அவர் ஓர் எச்சரிக்கை எழுதியிருந்தார். பெற்றோரின் அறிவுத்திறன் குழந்தையின் அறிவுத்திறனை எவ்வளவு பாதிக்கிறது என்று அறிய, வீட்டுச் சூழலை மாறாமல் வைத்துக் கணக்கிடுவது வழக்கம். ஆனால் வீட்டுச் சூழலை உருவாக்குவதில் பெற்றோரின் திறனுக்கும் பங்கு உண்டு. அதை மாறாமல் வைத்தால் பெற்றோரின் பாதிப்பில் ஒரு பகுதி கணக்கிலிருந்தே மறைந்துவிடும். மாறாமல் வைக்கத் தகுந்த மாறி எது, தகாத மாறி எது என்ற கேள்வியை அவர் தெளிவாகவே எழுப்பியிருந்தார். பர்க்ஸ் 1943-இல் காலமானார். அந்த எச்சரிக்கை பல பத்தாண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தது.

வரையாத அம்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹெர்பர்ட் சைமன் இதே கேள்வியைக் கையில் எடுத்தார். பின்னாளில் பொருளியலில் நோபல் பரிசும் கணினி அறிவியலில் டூரிங் விருதும் பெற்றவர் இவர். இரண்டு மாறிகளுக்கு இடையே தோன்றும் ஒட்டுறவு உண்மையான காரணத் தொடர்பா, மூன்றாவது மாறி ஒன்றால் வந்த போலித் தொடர்பா என்று எப்படி முடிவு செய்வது? 1954-இல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்ன விடை, எண்களால் மட்டும் முடியாது என்பதே. எது காலத்தால் முந்தியது, எந்த மாறி எதை நேரடியாகப் பாதிக்க முடியாது என்ற அனுமானங்கள் வேண்டும். அந்த அனுமானங்களை வெளிப்படையாகச் சொன்ன பிறகே எண்கள் பேசும்.

ஹூபர்ட் பிளேலாக் 1964-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தைச் சமூகவியலாளர்களுக்கு ஏற்ற வடிவில் தந்தார். முதல் மாறி இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் பாதிக்கின்றன. முதலிலிருந்து மூன்றாவதற்கு நேரடி அம்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டாவது மாறியை மாறாமல் வைக்கும்போது முதலுக்கும் மூன்றாவதற்கும் இடையிலான தொடர்பு மறைந்துவிட வேண்டும். மறையவில்லை என்றால் படம் தவறு. இவ்வாறு, படத்தில் வரையப்படாத அம்புதான் சோதனைக்கு உட்படுகிறது. வரைந்த அம்பு தொடர்பு இருக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது. வரையாத அம்பு நேரடித் தொடர்பு அறவே இல்லை என்று உறுதியாகச் சொல்கிறது. எனவே, அம்பை விட்டுவிடுவதே அதை வரைவதைக் காட்டிலும் துணிச்சலான கூற்றாகும்.

தந்தையின் தொழிலும் மகனின் தொழிலும்

பாதைப் பகுப்பாய்வைச் சமூகவியலின் மையத்துக்குக் கொண்டு வந்தவர் ஓட்டிஸ் டட்லி டங்கன். 1966-இல் அவர் எழுதிய கட்டுரை ரைட்டின் முறையைச் சமூகவியல் எடுத்துக்காட்டுகளுடன் விளக்கியது. அடுத்த ஆண்டு பீட்டர் பிளாவுடன் சேர்ந்து அமெரிக்கத் தொழில் அமைப்பு பற்றிய நூலை வெளியிட்டார். 1962 மார்ச்சில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நடத்திய மாதிரி ஆய்வில், 20 முதல் 64 வயது வரையிலான 20,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடமிருந்து பெற்ற விவரங்கள் அதன் அடிப்படை. பெண்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

அமெரிக்கா வாய்ப்புகளின் நாடா, பிறப்பு அங்கேயும் வாழ்வைத் தீர்மானிக்கிறதா என்பதே நூலின் கேள்வி. படத்தில் ஐந்து மாறிகள் இருந்தன: தந்தையின் கல்வி, தந்தையின் தொழில் நிலை, மகனின் கல்வி, மகனின் முதல் வேலை, 1962-இல் மகனின் தொழில் நிலை. தந்தையின் தொழிலுக்கும் 1962-இல் மகனின் தொழிலுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.405. இதைப் படம் பின்வருமாறு பகுத்தது.

தந்தையின் தொழிலிலிருந்து மகனின் தொழிலுக்கு நேரடியாகச் செல்லும் அம்பின் கெழு 0.115 மட்டுமே. தந்தையின் தொழில் மகனின் கல்வியைப் பாதித்து, கல்வி தொழிலைப் பாதிக்கும் பாதையில் 0.279, 0.394 ஆகிய இரண்டு கெழுக்கள் உள்ளன. அவற்றின் பெருக்கற்பலன் ஏறத்தாழ 0.110. முதல் வேலையின் வழியாகச் செல்லும் பாதையில் 0.224-ஐயும் 0.281-ஐயும் பெருக்கினால் 0.063 கிடைக்கும். கல்வி, முதல் வேலை இரண்டின் வழியாகவும் செல்லும் நீண்ட பாதை சுமார் 0.034 தரும். இவற்றின் கூட்டுத்தொகை 0.322. மீதியுள்ள 0.083, தந்தையின் தொழிலும் தந்தையின் கல்வியும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் வருவது. எல்லாம் சேர்ந்தால் மீண்டும் 0.405.

தந்தையின் நிலை மகனுக்கு நேரடியாகக் கைமாறுவதைவிடக் கல்வி, முதல் வேலை ஆகியவற்றின் வழியாகவே அதிகம் கடத்தப்படுகிறது என்பது இதன் பொருள். பள்ளி ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் இடமாகவும், அதைத் தலைமுறை விட்டுத் தலைமுறை கடத்தும் இடமாகவும் ஒரே நேரத்தில் இருப்பதை ஒரு படத்தில் பார்க்க முடிந்தது. சமூகவியலாளர்கள் இம்முறையை விரைந்து ஏற்றுக்கொண்டதற்கு இந்தத் தெளிவு முக்கியக் காரணம்.

படம் மறைந்து எண் மட்டும் எஞ்சியது

1970-களில் ஸ்வீடனின் கார்ல் யோரெஸ்கோக் உருவாக்கிய லிஸ்ரல் போன்ற கணினி நிரல்கள் பரவின. கையால் நாட்கணக்கில் செய்த கணக்கு சில நிமிடங்களில் முடிந்தது. கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி என்ற பெயரில் முறை விரிவடைந்தது. ஆனால், அம்பை ஏன் அங்கே வரைந்தோம், இங்கே ஏன் வரையவில்லை என்ற விவாதம் சுருங்கியது. நிரலில் மாறிகளைக் கொடுத்துக் கெழுக்களை வாங்குவது வழக்கமாயிற்று.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் டேவிட் ஃப்ரீட்மன் 1987-இல் பிளாவ்–டங்கன் மாதிரியையே எடுத்துக்கொண்டு கடுமையான விமர்சனம் எழுதினார். எல்லா மனிதருக்கும் ஒரே கெழு பொருந்துமா? உறவுகள் நேர்கோட்டில்தான் அமையுமா? கணக்கில் வராத காரணங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று எப்படித் தெரியும்? அந்த மாதிரியில், 1962-இல் மகனின் தொழிலுக்கு வெளியிலிருந்து வரும் எஞ்சிய அம்பின் கெழு 0.753. அதன் வர்க்கம் ஏறத்தாழ 0.57. தொழில் நிலையின் வேறுபாட்டில் பாதிக்கு மேல் மாதிரிக்கு வெளியே கிடந்தது என்பது இதன் பொருள். அந்த வெளிக் காரணங்களில் ஏதேனும் ஒன்று கல்வியையும் தொழிலையும் சேர்த்துப் பாதித்தால் அம்புகளின் எண்கள் அனைத்தும் ஆட்டம் காணும். ரைட் 1923-இல் சொன்னதைத்தான் ஃப்ரீட்மன் வேறு சொற்களில் நினைவுபடுத்தினார்: முன்னறிவு இல்லாத இடத்தில் படம் எதையும் நிறுவாது.

பேய்சியன் வலையமைப்பு

இதற்கிடையில் அம்புப் படம் வேறொரு துறையில் மறுபிறப்பு எடுத்தது. 1970-களில் மருத்துவரைப் போல நோயறியும் கணினி நிரல்களை உருவாக்க முயன்றனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற நிரல் தொற்றுநோய்களை அறிந்து மருந்து பரிந்துரைத்தது. உறுதியில்லாத தகவல்களைக் கையாள அது நிகழ்தகவைப் பயன்படுத்தாமல், தானே வகுத்துக்கொண்ட உறுதிக் காரணி என்ற எண்ணைப் பயன்படுத்தியது. முழுமையான நிகழ்தகவுக் கணக்கு கணினிக்கு மிகப் பெரியது என்று அப்போது கருதப்பட்டது.

லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜூடியா பேர்ல் இதை மறுத்தார். 1936-இல் டெல் அவிவில் பிறந்தவர் இவர். எல்லா மாறியும் எல்லா மாறியோடும் நேரடியாகத் தொடர்புடையது அல்ல. எனவே வரையாத அம்புகளே கணக்கைக் குறைக்கும் என்பது அவருடைய கருத்தின் அடிப்படை. 1982-இல் கிளைவிடும் மர வடிவப் படங்களுக்கான கணக்கு முறையை வெளியிட்டார். 1985-இல் பேய்சியன் வலையமைப்பு என்ற பெயரைச் சூட்டினார். 1988-இல் இதை விரிவான நூலாகத் தந்தார். அதே ஆண்டில் ஸ்டெஃபன் லாரிட்சனும் டேவிட் ஸ்பீகல்ஹால்டரும், மர வடிவில் இல்லாத படங்களிலும் விரைவாகக் கணக்கிடும் வழியை விளக்கினர்.

அவர்கள் கொடுத்த சிறு எடுத்துக்காட்டு பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. மூச்சுத்திணறலோடு வரும் நோயாளிக்குக் காசநோயா, நுரையீரல் புற்றுநோயா, மூச்சுக்குழல் அழற்சியா? அவர் அண்மையில் ஆசியாவுக்குச் சென்றாரா, புகைபிடிப்பவரா, எக்ஸ்ரே என்ன சொல்கிறது? இப்படி எட்டு மாறிகள். ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை என்றால், எல்லாச் சேர்க்கைகளின் நிகழ்தகவையும் எழுத 255 எண்கள் வேண்டும். படத்தின் அம்புகளைப் பின்பற்றினால் 18 எண்கள் போதும். புகைபிடித்தல் எக்ஸ்ரேயை நேரடியாகப் பாதிப்பதில்லை, நோயின் வழியாகவே பாதிக்கிறது என்பது போன்ற அறிவு இந்தச் சிக்கனத்தைத் தந்தது. ஒரு முனையில் புதிய செய்தி கிடைத்தால், பேய்ஸ் தேற்றத்தின்படி மற்ற முனைகளின் நிகழ்தகவுகளும் திருத்தப்படும்.

சமூக அறிவியலுக்கு நெருக்கமான இன்னொரு கிளையும் இருந்தது. 1970-களில் லியோ குட்மன் போன்றோர் வாக்களிப்பு, கல்வி, வர்க்கம் பற்றிய அட்டவணைகளை ஆராய மடக்கை நேரியல் மாதிரிகளை வளர்த்தனர். 1980-இல் டாரக், லாரிட்சன், ஸ்பீட் ஆகியோர் இவற்றில் ஒரு பகுதியை அம்பில்லாத கோட்டுப் படங்களாக வரையலாம் என்று காட்டினர். வரைபட மாதிரி என்ற துறை புள்ளியியலில் உருவாக அக்கட்டுரை வழிவகுத்தது.

மூன்று அமைப்புகள்

எந்த அம்புப் படத்தையும் மூன்று சிறு அமைப்புகளாகப் பிரித்துப் படிக்கலாம். முதலாவது சங்கிலி: கல்வி வேலையைப் பாதிக்கிறது, வேலை வருமானத்தைப் பாதிக்கிறது. நடுவில் உள்ள வேலையை மாறாமல் வைத்தால் அந்தப் பாதை அடைபடும். இரண்டாவது கவை: குடும்பத்தின் செல்வநிலை குழந்தையின் பள்ளியையும் உடல்நலத்தையும் பாதிக்கிறது. பள்ளிக்கும் உடல்நலத்துக்கும் போலித் தொடர்பு தோன்றும். செல்வநிலையை மாறாமல் வைத்தால் அது மறையும்.

மூன்றாவதே பலரைத் தடுமாறச் செய்வது. இரண்டு அம்புகள் ஒரே முனையில் வந்து சேரும் இந்த அமைப்பில், சேரும் முனையை மோது முனை எனலாம். ஒரு கற்பனைப் பள்ளியில் 100 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். 50 பேர் ஏழைகள். 20 பேர் உயர் மதிப்பெண் பெற்றவர்கள். அவர்களில் 10 பேர் ஏழைகள், 10 பேர் வசதியுள்ளவர்கள். இந்தப் பள்ளியில் ஏழ்மைக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை. ஏழைகளுக்கும் உயர் மதிப்பெண் பெற்றோருக்கும் உதவித்தொகை உண்டு என்றால் 60 பேர் அதைப் பெறுவர். அந்த 60 பேரை மட்டும் ஆராய்ந்தால் என்ன தெரியும்? வசதியுள்ள 10 பேரும் உயர் மதிப்பெண் பெற்றவர்கள். ஏழைகள் 50 பேரில் 10 பேரே அத்தகையவர்கள். ஏழைகள் படிப்பில் பின்தங்கியவர்கள் என்ற முடிவுக்கு ஆய்வாளர் வந்துவிடுவார். தரவில் பிழை ஒன்றும் இல்லை. யாரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தோம் என்பதே இல்லாத தொடர்பை உண்டாக்கிவிட்டது.

எனவே, முடிந்தவரை அதிகமான மாறிகளை மாறாமல் வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பானது என்ற பழைய நம்பிக்கை தவறு. கவையின் நடுமுனையை மாறாமல் வைக்க வேண்டும். மோது முனையைத் தொடக்கூடாது. சங்கிலியின் நடுமுனையைத் தொடலாமா என்பது கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. பர்க்ஸின் எச்சரிக்கைக்கு இப்போது பொதுவான விதி கிடைத்தது.

பெர்க்லி சேர்க்கை வழக்கு

இவ்விதிகளின் தேவையை உணர்த்த அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 1973-ஆம் ஆண்டு உயர்பட்டச் சேர்க்கை. அவ்வாண்டு 8,442 ஆண்களும் 4,321 பெண்களும் விண்ணப்பித்தனர். ஆண்களில் சுமார் 44 விழுக்காட்டினரும் பெண்களில் சுமார் 35 விழுக்காட்டினரும் தேர்வாயினர். பெண்களுக்கு எதிரான பாகுபாடு வெளிப்படை என்று தோன்றியது. பீட்டர் பிக்கல், யூஜின் ஹாமல், வில்லியம் ஓகானல் ஆகியோர் 1975-இல் துறைவாரியாக ஆராய்ந்தபோது படம் மாறியது. துறைகளைத் தனித்தனியே பார்த்தால் பாகுபாடு பெரும்பாலும் மறைந்தது. மொத்தத்தில் பெண்களுக்குச் சற்றே சாதகமான போக்கும் தெரிந்தது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தனர்.

அம்புப் படத்தில் பாலினத்திலிருந்து துறைக்கும், துறையிலிருந்து சேர்க்கைக்கும், பாலினத்திலிருந்து சேர்க்கைக்கும் அம்புகள் செல்லும். துறை இங்கே சங்கிலியின் நடுமுனை. தேர்வுக் குழுக்கள் பெண்களை நேரடியாக ஒதுக்கினவா என்று கேட்டால் துறையை மாறாமல் வைப்பது பொருத்தம். பெண்களைச் சில துறைகளை நோக்கித் தள்ளிய பள்ளிக் கல்வியும் சமூக எதிர்பார்ப்பும் சேர்ந்த மொத்த விளைவு என்ன என்று கேட்டால், துறையை மாறாமல் வைப்பது அந்த விளைவையே மறைத்துவிடும். இரண்டு கேள்விகளுக்கும் தரவு ஒன்றே, விடைகள் வேறு.

புள்ளியியலாளர் வில்லியம் கிரஸ்கல் மேலும் ஒரு சிக்கலைச் சுட்டினார். துறைத் தேர்வையும் சேர்க்கை வாய்ப்பையும் சேர்த்துப் பாதிக்கும் அளக்கப்படாத காரணம் ஒன்று இருக்கலாம். அப்போது துறை மோது முனையாகவும் ஆகிவிடும். அதை மாறாமல் வைத்தால் உண்மையான பாகுபாடு மறையலாம், இல்லாத பாகுபாடு தோன்றவும் செய்யலாம்.

மீண்டும் சமூக அறிவியலுக்கு

1990-களில் பேர்ல் நோயறியும் நிரல்களை விட்டுக் காரணம் பற்றிய கேள்விக்குத் திரும்பினார். ஒரு மாறியின் மதிப்பைப் பார்ப்பதும், நாமே தலையிட்டு அந்த மதிப்பை ஏற்படுத்துவதும் வேறு வேறு என்பது அவர் வலியுறுத்திய அடிப்படை. காற்றழுத்தமானியின் முள் இறங்குவதைப் பார்த்தால் மழையை எதிர்பார்க்கலாம். முள்ளைக் கையால் இறக்கினால் மழை வராது. தலையிடும்போது அந்த முனைக்குள் வரும் அம்புகள் அறுபடுகின்றன. எந்தெந்த மாறிகளை அளந்தால், தலையிடாமலேயே தலையீட்டின் விளைவைக் கணக்கிடலாம் என்பதைப் படத்தைப் பார்த்தே முடிவு செய்யும் விதிகளை அவர் 1995-இல் ஒரு கட்டுரையிலும் 2000-இல் ஒரு நூலிலும் விளக்கினார். 2011-ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. பேர்ல் தம் முறையின் முன்னோடியாக ரைட்டைத் தொடர்ந்து குறிப்பிட்டு வந்தார்.

தரவிலிருந்தே அம்புகளைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற முயற்சியும் நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பர்டெஸ், கிளார்க் கிளைமூர், ரிச்சர்ட் ஷைன்ஸ் ஆகியோரின் 1993-ஆம் ஆண்டு நூல் அதற்கான வழிமுறைகளைத் தந்தது. அதன் எல்லையும் தெளிவானது. ஒரு திசையில் செல்லும் சங்கிலி, எதிர்த்திசையில் செல்லும் சங்கிலி, கவை ஆகிய மூன்றும் தரவில் ஒரே தடத்தையே விடுகின்றன. மோது முனை மட்டுமே தனித்த தடம் விடுகிறது. எனவே தரவு சில அம்புகளின் திசையைச் சொல்லும்; மற்றவற்றுக்குக் காலவரிசையோ, சோதனையோ, துறை அறிவோ வேண்டும்.

நோய்ப்பரவலியலில் 1999-இலும், சமூகவியலில் ஸ்டீபன் மார்கன், கிறிஸ்டஃபர் வின்ஷிப் ஆகியோரின் 2007-ஆம் ஆண்டு நூலின் வழியாகவும் இம்முறை பரவியது. 2014-இல் ஃபெலிக்ஸ் எல்வெர்ட்டும் வின்ஷிப்பும், சமூகவியலில் மோது முனையால் நேரும் பிழைகளைத் தொகுத்துக் காட்டினர். 2020-இல் டீன் நாக்ஸ், வில் லோவ், ஜொனதன் மம்மோலோ ஆகியோர் அமெரிக்கக் காவல்துறைப் பதிவுகளைப் பற்றி இதே வாதத்தை வைத்தனர். காவலர் தடுத்து நிறுத்தியவர்கள் மட்டுமே அப்பதிவுகளில் இருப்பார்கள். தடுத்து நிறுத்துவதிலேயே இனப் பாகுபாடு இருந்தால், சிறு காரணத்துக்கே நிறுத்தப்பட்ட கறுப்பினத்தவரும் வலுவான காரணத்துக்காக நிறுத்தப்பட்ட வெள்ளையினத்தவரும் ஒரே பட்டியலில் ஒப்பிடப்படுவர். அப்போது வன்முறைப் பயன்பாட்டில் உள்ள பாகுபாடு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். நீதிமன்றங்களும் அரசுகளும் நம்பும் எண்கள், பதிவேட்டில் யார் இடம்பெற்றார் என்பதைப் பொறுத்தவை என்பதை இந்த ஆய்வு காட்டியது.

விமர்சனங்கள்

வரைபட மாதிரிகளை எல்லோரும் ஏற்கவில்லை. டொனால்ட் ரூபின் 1974 முதல் வளர்த்த சாத்திய விளைவு முறை பலருக்கு அதிகம் பழகியது. பொருளியலாளர் கைடோ இம்பென்ஸ் 2020-இல் எழுதிய கட்டுரையில், பொருளியலில் பயன்படும் சில முக்கிய அனுமானங்களைப் படத்தில் எளிதாகக் காட்ட முடியாது என்று வாதிட்டார். விலை அளிப்பையும், அளிப்பு விலையையும் ஒரே நேரத்தில் தீர்மானிக்கும் சந்தை போன்ற அமைப்புகள், சுற்றி வராத அம்புகளுக்குள் எளிதில் அடங்குவதில்லை. பாலினம், இனம் போன்றவற்றை மாற்ற முடியாதபோது அவற்றைக் காரணம் என்று அழைக்கலாமா என்ற கேள்வியைப் பால் ஹாலண்ட் 1986-இலேயே எழுப்பினார். அந்த விவாதம் முடியவில்லை.

இந்த விமர்சனங்கள் அனைத்தும் குறிப்பிட்ட அம்புகளையோ விடுபட்ட அம்புகளையோ சுட்டிக்காட்டியே நடக்கின்றன. யூலின் காலத்தில் இது இயலவில்லை. வீட்டு உதவிக்கும் ஏழ்மைக்கும் இடையில் அவர் எந்தப் பாதைகளை மனத்தில் கொண்டிருந்தார், எவற்றை இல்லை எனக் கருதினார் என்பது சமன்பாட்டுக்குள் மறைந்திருந்தது. அடிக்குறிப்பு ஒன்றே அதன் அடையாளம். வரைபட மாதிரி ஆய்வாளரின் அனுமானத்தை உண்மையாக்குவதில்லை. அதை வாசகரும், ஆய்வுக்கு உட்பட்ட மக்களும் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் வைக்கிறது.